கேட்காமல் சொன்ன ஃபவுல்

கறுப்புப் பந்து மூலைப் பைக்குள் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாத்தளை நகர மண்டபத்தில் அன்று பிற்பகல் நிற்க இடமில்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையையும் மீறிக் கைதட்டல் எழுந்தது.

செல்வம் இன்னும் மேசையிலிருந்து முழுதாக நிமிரவில்லை. அவருடைய இடது கை ஒரு சிவப்புப் பந்துக்கு மேலாக, விரல் நுனிகளில் ஊன்றி, பாலம் போட்ட மாதிரி நின்றது. வெள்ளைப் பந்து அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்ததால் அப்படித்தான் அடிக்க வேண்டியிருந்தது. அடித்து முடித்துக் கையை எடுத்தார், உடம்பையும் பின்னால் இழுத்தார். அந்த நேரத்தில் சிவப்புப் பந்து லேசாக ஆடியதை நான் கண்டேன்.

கண்டேன் என்று எழுதிவிட்டேன். ஆடிய மாதிரி இருந்தது என்பதுதான் சரி.

நான் அந்த ஆட்டத்தின் நடுவர். இரண்டு கையிலும் வெள்ளை உறை, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு போ டை. வலது கையை நீட்டி "ஃபவுல்" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. செல்வம் என்னைப் பார்த்தார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதை மூடிக்கொண்டார். கியூக் கோலை எடுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் அந்த வாயைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கராம்பு வாசனையுள்ள கையுறை

போன வாரம் பல்லேபொல பக்கத்துத் தோட்டங்களில் மிளகு வாங்கப் போய்ச் சேற்றில் விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் ஸ்னூக்கர் நடுவர் என்று போகிற போக்கில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மிளகு வியாபாரிக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் கேட்கிறாள்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு ஒழுங்கை. அதற்குள் போனால் பழைய மரப்படி. மேலே ஏறினால் இரண்டு மேசைகளுள்ள ஸ்னூக்கர் ஹோல். வாப்பா உயிரோடு இருந்தவரை நான் அங்கே ஏறுவது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மௌத்தான பிறகு உம்மா சொன்னார், கடைக்கு வருகிற ஆட்கள் என்னைத் தேடினால் "மேல ஈக்கிறான்" என்று வாப்பாதான் சொல்லி அனுப்புவாராம்.

ஆட்டக்காரனாக நான் உருப்படவில்லை. என் ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். ஆனால் எந்தப் பந்து எங்கே இருந்தது என்பதை மறக்க மாட்டேன். யாராவது தடுக்கி மேசையில் விழுந்து பந்துகளைக் கலைத்தாலும் இருந்த இடத்தில் அப்படியே எடுத்து வைத்துவிடுவேன். இதற்காகவே என்னைக் கொழும்புக்கு அனுப்பி நடுவர் பரீட்சை எழுத வைத்தார்கள். பாஸும் பண்ணினேன்.

நடுவருக்கான வெள்ளைக் கையுறையைக் கடை மேசை லாச்சியில்தான் வைத்திருப்பேன். போட்டிக்குப் போட்டுக்கொண்டு போனால் கராம்பும் மிளகும் மணக்கும். பந்தைத் துடைத்துக் கொடுக்கும்போது ஆட்டக்காரர்கள் தும்முவார்கள் என்று ஹோலில் ஒரு பகிடி உண்டு. என் மனைவியின் பகிடி வேறு. "பந்து தொடைக்கிறதுக்கு என்னத்துக்குங்க கழுத்துப் பட்டி?" என்பாள்.

ஸ்னூக்கர் தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு அது போதும். ஆட்டக்காரர் கியூவின் நுனியால் வெள்ளைப் பந்தை மட்டும்தான் தொடலாம். கையோ, சட்டையோ, வேறு எதுவோ எந்தப் பந்தில் பட்டாலும் ஃபவுல். புள்ளி எதிராளிக்குப் போகும், முறையும் போகும்.

பட்டுச்சா?

எங்கள் ஹோலில் நடுவர் கிடையாது. ஆடாமல் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் பலகையில் சோக்கால் புள்ளி எழுதுவார். அவ்வளவுதான். அப்படியென்றால் ஃபவுலை யார் சொல்வது? அடித்தவர்தான் சொல்ல வேண்டும்.

அடித்தவரும் சொல்லாமல், பார்த்தவருக்கும் சந்தேகமாக இருந்தால் "பட்டுச்சா?" என்று கேட்போம். "பட்டுச்சு" என்றால் ஃபவுல். "படல" என்றால் ஆட்டம் தொடரும். அதற்கு மேல் பேச்சில்லை. கேட்காமல் ஒருவர் மேல் ஃபவுல் சொல்வது எங்கள் ஹோலில் கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம்.

செல்வம் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியின் லொறி சாரதி. தேயிலையை இறக்கிவிட்டு, மறு லோடு ஏற்றும்வரை இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் படியேறி வந்து மூலையில் நின்று பார்ப்பார். பிறகு ஒரு நாள் கியூவை எடுத்தார். கடைக்காரர்களும் கடைக்காரர் மகன்மாரும் ஆடுகிற இடம் அது. தோட்டத்திலிருந்து வந்த லொறிக்காரரை யாரும் விரட்டவில்லை, யாரும் அருகில் வந்து பேசவுமில்லை. நானும்தான் பேசவில்லை.

ஹோல் கோப்பைக்கான ஆட்டம் ஒன்றில் நகைக்கடை முதலாளி ஒருவரோடு அவர் ஆட வேண்டி வந்தது. கடைசிக் கறுப்புதான் மிச்சம். அது பைக்கு நேராகக் கிடந்தது. செல்வம் குனிந்து குறிபார்த்தவர் அடிக்காமல் அப்படியே நிமிர்ந்து, "தொட்டுட்டேங்க" என்றார். குறிபார்க்கும்போதே கியூ நுனி வெள்ளைப் பந்தில் லேசாக முட்டிவிட்டதாம், அடிக்கும் முன் அப்படி முட்டினாலும் ஃபவுல்தான். யாரும் பார்க்கவில்லை. நகைக்கடை முதலாளியே, "நான் பார்க்கல்ல, பரவாயில்ல அடிங்க" என்றார். செல்வம் சிரித்துக்கொண்டு, தான் பார்த்ததாகச் சொல்லிப் போய் உட்கார்ந்துவிட்டார். கோப்பை முதலாளிக்குப் போனது.

அன்றைக்குப் பிறகு ஹோலில் எல்லாம் மாறிவிட்டது. அவர் ஆடாத மேசையில் சச்சரவு வந்தாலும் "செல்வத்தக் கேளு" என்பார்கள். அவர் லொறியில் இருந்தால் வரும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்த நாட்களும் உண்டு. அந்த ஊரில் அவருக்கு வீடில்லை, காணியில்லை. இந்த ஒரு பேர்தான் இருந்தது. அதை நாங்கள் கொடுக்கவில்லை, அவரே உண்டாக்கிக்கொண்டது.

துரைமார் கிளப்பில்

எங்கள் மேசைகளில் ஒன்று தோட்டத் துரைமாரின் பழைய கிளப்பிலிருந்து வந்தது. கிளப்பை மூடிய பிறகு மேசைத் துணிக்குக் கீழே இருக்கிற கற்பலகைகளை ஐந்து துண்டாகக் கழற்றி, வைக்கோல் சுற்றி லொறியில் இறக்கினார்களாம். ஒரு துண்டைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்ததாம். இதெல்லாம் எனக்கு முந்திய கதை.

செல்வத்தின் அப்பா அந்தக் கிளப்பில் மார்க்கர். பந்துகளை எடுத்து வைப்பது, புள்ளி எழுதுவது, கியூவுக்குச் சோக் பூசிக் கொடுப்பது அவர் வேலை. கியூவால் ஒரு பந்தைக்கூட அடிக்க அவருக்கு அனுமதி இல்லை.

இதைச் செல்வம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். படிக்குக் கீழே உள்ள கடையில் பால் கலக்காத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். நாக்கில் சீனியை வைத்துக்கொண்டு குடிப்பது அவர் வழக்கம். அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை 'நானா' என்பார். "எங்கப்பா கண்ணு முன்னாடி எத்தனையோ பட்டிருக்கு நானா. தொர படலன்னா படலதான். ஒரு நாளாவது ஒருத்தர் அவர்கிட்ட கேக்கல" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு அன்றைய மிளகு விலையைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னதன் பாரம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊருக்கு வந்த போட்டி

பெற்றோல் வரிசைகள் எல்லாம் முடிந்து நாடு கொஞ்சம் மூச்சு விட்ட காலம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி ஒன்றை மாத்தளையில் நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. எங்களால் நம்ப முடியவில்லை. கொழும்பிலிருந்து புது மேசை வந்தது. அதன் பச்சைத் துணியை இஸ்திரி போடவே தனியாக ஒரு ஆள் வந்தார். விளக்குகளைத் தொங்கவிட்டபோது மண்டபத்துக்குள் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

மாவட்டத்தில் ஒருவருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். அதற்கான தெரிவு ஆட்டங்களில் செல்வம்தான் வென்றார். முதல் சுற்றிலும் வென்றார். இரண்டாவது சுற்றில் வென்றால் அரையிறுதி. அரையிறுதிக்கு வந்தால் அடுத்த வருடத் தொழில்முறைச் சுற்றில் ஒரு இடம் நிச்சயம். லொறியை விட்டுவிட்டுக் கியூவோடு வாழலாம்.

இந்தப் போட்டிகளில் சட்டைக்கு மேல் வேஸ்ட்கோட் போட வேண்டும் என்பது சட்டம். செல்வத்திடம் அது இல்லை. மகளின் கல்யாணத்துக்கு நான் தைத்ததைக் கொடுத்தேன். என் வயிற்றுக்குத் தைத்தது அவருக்குச் சாக்கு மாதிரி இருந்தது. என் மனைவி பின்பக்கத்தைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். முன்பக்கம் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. "குனியக்கொள்ள பார்த்துக்கோங்க" என்று அவரிடம் சொல்லியும் அனுப்பினாள்.

இரண்டாவது சுற்று நாளில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டது. அந்த ஆட்டத்துக்கு வர வேண்டிய நடுவர் வழியில் மாட்டிக்கொண்டார். அமைப்பாளர்கள் என்னிடம் வந்தார்கள்.

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். செல்வம் என் கூட்டாளி, அவர் போட்டிருப்பது என் வேஸ்ட்கோட், நான் நிற்பது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அந்த விளக்குகளுக்குக் கீழே ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஊர் முழுக்க வந்து பார்க்கிறதே என்ற பெருமையும் இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆட்டத்துக்கு முன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். பின்னால் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். மாத்தளை நடுவர் மாத்தளைக்காரனைப் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டுக் கையுறையைப் போட்டேன். அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டேதான் மேசைக்குப் போனேன்.

அந்த ஒரு செக்கன்

எதிராளி கொழும்புக்காரர், நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதரும்கூட. இருவரும் ஆளுக்குச் சமமான ஃப்ரேம்களை வென்று, வெற்றியைத் தீர்மானிக்கிற கடைசி ஃப்ரேம். அதில் செல்வம் புள்ளியில் முன்னால் இருந்தார். அந்தக் கறுப்பு விழுந்தால் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அது விழவும் செய்தது.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். சிவப்பு ஆடிய மாதிரி இருந்தது. எனக்கு உறுதியில்லை. அதுவே எங்கள் ஹோலாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். செல்வத்தைப் பார்த்துக் கேட்டிருப்பேன். தொழில்முறைப் போட்டியில் நடுவர் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், அது உண்மை. ஆனால் ஒரு மூச்சு பொறுத்திருக்கலாம். நல்ல ஆட்டக்காரர்கள் தங்கள் ஃபவுலைத் தாங்களே சொல்வார்கள் என்பது அங்கேயும் உள்ள வழக்கம்தான். நான் பொறுக்கவில்லை. என் ஆளுக்கு நான் சாய மாட்டேன் என்று அந்த இரண்டு பேருக்கும் காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

கறுப்புக்குரிய ஏழு புள்ளி எதிராளிக்குப் போனது. கறுப்பை எடுத்துத் திரும்ப மேசையில் அதன் இடத்தில் வைத்தேன். கூட்டத்தில் எங்கிருந்தோ "ஹொரா" என்று ஒரு குரல். சிங்களத்தில் கள்ளன் என்று அர்த்தம். யாரோ சிரித்தார்கள். கொழும்புக்காரர் எழுந்து வந்து மேசையில் இருந்த எல்லாப் பந்துகளையும் பைக்குள் போட்டு ஆட்டத்தை வென்றார். செல்வம் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். வழக்கப்படி எனக்கும் கொடுத்தார். என் கையில் உறை இருந்தது.

மறுநாள் வேஸ்ட்கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கடைக்குக் கொண்டுவந்தார். நான் பின்னால் களஞ்சிய அறையில் இருந்தேன். அவர் குரல் கேட்டது. என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "நானா இல்லீங்களா?" என்று கேட்டார். மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் செய்கிற வேலையா அது?

யாரோ அந்தக் கட்டத்தைப் போனில் பிடித்திருந்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. சிவப்பு ஆடியதா இல்லையா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் நீட்டிய கை மட்டும் தெளிவாகத் தெரியும். திறந்த வாயைச் செல்வம் மூடிக்கொள்வதும் தெரியும். பார்த்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பிடிபட்டவன் வாயடைத்துப் போனான் என்று எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்துச் செல்வம் ஹோலுக்கு வந்தார். ஆட்டத்தின் நடுவே ஒரு சந்தேகம் வந்தது. வழக்கம் போலக் கேட்டார்கள். "படல" என்றார். போன் கடை வைத்திருக்கிற புதுப் பையன்மாரில் ஒருவர், "எதுக்கும் றெஃபரிகிட்ட ஒரு வார்த்த கேப்பமா?" என்று என் பக்கம் திரும்பினார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, சும்மா பகிடிக்குத்தான்.

செல்வம் சொன்னால் சரி என்று நான் சொல்லியிருக்கலாம். அதை எத்தனையோ தடவை அந்த அறையில் சொன்னவன் நான். அன்று என் வாயில் தேத்தண்ணி இருந்தது. அதை விழுங்கினேன்.

செல்வம் அந்த ஃப்ரேமை ஆடி முடித்தார். கியூவை இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் படியேறவில்லை. லொறி வேலையையும் விட்டு, லீசிங்கில் ஒரு வேன் எடுத்து, ரிவர்ஸ்டன் மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போவதாகக் கேள்விப்பட்டேன். கடைத் தெருவில் கண்டால் கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. பட்டிருந்தால் நான் சொன்னது சரி, மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. படாமல் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று வருடக்கணக்காக அப்படியே இருந்துவிட்டேன்.

ரிவர்ஸ்டன்

போன பாடசாலை விடுமுறையில் மகளின் மாமனாரும் மாமியாரும் கொழும்பிலிருந்து வந்தார்கள். சம்பந்திக்கு இரும்புக் கடை, கலகலப்பான மனிதர். ரிவர்ஸ்டன் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் சொந்தக்காரர்களிடமே இரண்டு வேன் இருக்கிறது. நான் செல்வத்துக்குப் போன் பண்ணினேன். மலைப் பாதைக்கு அவர்தான் நல்ல சாரதி என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சொன்ன நேரத்துக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது, தலையில் தொப்பி. மனைவியிடம் சுகம் விசாரித்தார். என்னிடமும் விசாரித்தார். ரத்தோட்டை தாண்டித் தேயிலை மலைகளுக்குள் வளைந்து ஏறும்வரை சம்பந்திதான் பேசிக்கொண்டு வந்தார்.

மேலே மூடுபனி. மற்றவர்கள் காற்றடிக்கிற இடத்தைப் பார்க்க நடந்து போனார்கள். முழங்கால் வலி என்று நான் தங்கிவிட்டேன். வேனின் கதவோரத்தில் செல்வமும் நானும். அவர் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார். இஞ்சி போட்டிருந்தது.

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஹோலில் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"செல்வம், அன்னைக்குப் பட்டுச்சா?"

"பட்டுச்சு நானா."

யோசிக்கவே இல்லை. அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நான் சொன்னது சரி. இத்தனை வருடம் வீணாகக் கவலைப்பட்டேன் என்று நினைத்தேன்.

கை படவில்லை என்றும், வேஸ்ட்கோட்டின் தொங்கல் ஓரம்தான் பட்டது என்றும் அவரே சொன்னார். பந்து இடித்தது அவருக்கு வயிற்றில் தெரிந்ததாம்.

"அப்ப நான் சொன்னது சரிதானே" என்றேன்.

"சரிதாங்க. நானும் சொல்லத்தான் நிமிர்ந்தேன். வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

இறங்கிய மூட்டை திரும்ப ஏறிக்கொண்டது. அப்படியென்றால் அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே, நான் சொல்ல வந்தேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். அந்தக் கோபம் அவர் மேல் இல்லை.

அவர் என் மூடியை வாங்கி, மிச்சத் தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றினார்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் நான் சொன்னா அது ஒத்துக்கிட்டதுதான், நானா. சொன்னது ஆகாது."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். நடுவர் வேலையை நான் சரியாகத்தானே பார்த்தேன், அதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று அவர் சொன்னார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. பனிக்குள் மனைவியின் குரல் கேட்டது. அவர் போய் வேன் கதவைத் திறந்து வைத்தார்.

இறக்கத்தில்

இறங்கும்போது ஒரு வளைவில் போன்களுக்கு சிக்னல் வந்தது. சம்பந்தியின் போனுக்கு வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. அவர் எதையோ தேடி எடுத்து என் பக்கம் சாய்ந்தார். பிறகு பின்னால் இருந்த தன் மனைவிக்கும் நீட்டினார். போனுக்குள் கைதட்டல் கேட்டது, பிறகு என் குரல் கேட்டது.

"எங்கட சம்பந்திட கண்ணுக்கு ஒண்டும் தப்பாது. பாருங்க, ஃபவுல் பண்ணிப்போட்டு ஒண்டும் தெரியாத மாதிரி எழும்புறான். கள்ளன அப்பிடியே புடிச்சிட்டாரு."

படத்தில் செல்வத்துக்குத் தாடியில்லை. வேஸ்ட்கோட், போ டை, வாரிய தலை. சம்பந்திக்கு அடையாளம் தெரிய வழியில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். அரை மணித்தியாலத்துக்கு முன்னால் அவர் வாயாலேயே கேட்டிருந்தேன். நான் வாயைத் திறந்தேன். திறந்துவிட்டு என்ன யோசித்தேன் தெரியுமா? இந்தச் சாரதிதான் அந்த ஆள் என்று சொன்னால் சம்பந்தியின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். மகளின் வீட்டு ஆட்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே, வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது அப்படியில்லை என்று தொடங்கலாம் என வார்த்தையைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

செல்வம் கியரை மாற்றினார். பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது நான்தாங்க சேர். கோட்டு பட்டது உண்மதான்."

போனில் அந்தக் கைதட்டல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. சம்பந்தி அவசரமாக அதை அணைத்தார்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். தொங்கிய வேஸ்ட்கோட் என்னுடையது என்றேன். அவர் சொல்ல வாயெடுத்ததையும், நான் முந்திக்கொண்டதையும் சொன்னேன். தேத்தண்ணி மேசையில் கேட்ட சிரிப்பைச் சொன்னேன். ஹோலில் நான் பேசாமல் இருந்ததையும், மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதையும்கூட ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். சம்பந்தி "அப்படியா, அப்படியா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ரத்தோட்டை வரும்வரை நான் நிறுத்தவில்லை. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் செல்வம் சொன்ன பிறகுதான் சொன்னேன்.